ஸ்னோவில் ஏறிப் பலாலியில் இறங்குகிறவர்களுக்கு: மாரி காலத்தில் ரிக்கெற் போடுவது எப்படி

தைப்பொங்கலுக்கோ தையில் வைத்த கலியாணத்துக்கோ ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் ஆட்கள் வரப்போகிறார்கள், சென்னையில் மாறி யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்குவது என்று பேச்சு, ரிக்கெற் போடுமுன் "நீ அங்கை இருக்கிறாய், என்ன சொல்லுறாய்?" என்று உங்களைக் கேட்கிறார்கள் என்றால் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் இறங்கி எட்டு மணித்தியாலம் முதுகு நோக ஹையேஸ் வானில் வருவதைவிட, சென்னையில் ஏறி ஒன்றேகால் மணித்தியாலத்தில் பலாலியில் இறங்கி வீட்டுச் சோற்றுக்கு வந்துவிடுவது பெரிய வசதிதான், அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் இந்த வழியால் வருவதென்றால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். எல்லோரும் பயப்படுவது அந்தப் பக்கத்து ஸ்னோவுக்கு. ஆளை உண்மையில் மாட்டிவிடுவது பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஒன்றேகால் மணித்தியாலம்.

ஸ்னோ என்ன செய்யும், என்ன செய்யாது

ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையம் மாதிரியான இடத்தில் ஸ்னோ கொட்டுவது புதுமை இல்லை. கலப்பை பூட்டிய பெரிய லொறிகள் சாய்வாக ஒன்றன் பின் ஒன்றாகப் போய் ஓடுபாதையை வழித்துக்கொண்டு வரும், பின்னால் தூரிகை வண்டிகள், அதற்குப் பின்னால் ஒதுக்கிய பனியைத் தூர வீசுகிற யந்திரங்கள். வீதிகளுக்குப் போடும் சாதாரண உப்பை ஓடுபாதைக்குப் போட மாட்டார்கள், அது விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால் பொட்டாசியம் ஃபோர்மேட் போன்ற வேறு இரசாயனங்கள், கடும் குளிர் இடங்களில் மணல். இதெல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலை. ஒரு ஓடுபாதையை வழிக்கும்போது மற்றதில் விமானங்கள் போய்க்கொண்டிருக்கும்.

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் விமானத்தின் மேல் படிந்த பனியை நீக்குகிற வேலை. ஜன்னல் ஓரத்தில் இருக்கிறவர்கள் இதை நன்றாகப் பார்க்கலாம்: இரண்டு பக்கமும் லொறிகள் வந்து நிற்கும், உயரத்தில் ஒரு கூண்டுக்குள் இருக்கிற ஆள் சூடாக்கிய செம்மஞ்சள் நிறத் திரவத்தை இறக்கைமேல் பீச்சியடிப்பார், ஜன்னலெல்லாம் வழிந்து ஆவி பறக்கும், அது ஓய்ந்ததும் கூழ் பதத்தில் ஒரு பச்சைத் திரவத்தைப் பூசுவார்கள். முதலாவது இருக்கிற பனியை உருக்குவதற்கு, இரண்டாவது புதுப் பனி ஒட்டாமல் இருப்பதற்கு. அந்தப் பச்சைக்கு ஒரு காலக்கெடு உண்டு. கொட்டுகிற பனியின் அளவையும் குளிரையும் பொறுத்து அது நீளும், குறுகும். கெடு முடிவதற்குள் கிளம்ப முடியாவிட்டால் திரும்பவும் வரிசையில் நின்று முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆகவே "எல்லாரும் ஏறியாச்சு" என்று வாட்ஸ்அப்பில் வந்த பிறகும் விமானம் ஒன்றரை மணித்தியாலம் நிலத்திலேயே நின்றால் பதற வேண்டாம், அங்கே அது வழமை.

எவ்வளவு பனி கொட்டுகிறது என்பதைவிட, கொட்டுகிற இடம் அதற்குப் பழகிய இடமா என்பதுதான் கேள்வி. 2010 டிசம்பர் 18ஆம் திகதி லண்டன் ஹீத்ரோவில் ஸ்னோ கொட்டி விமான நிலையம் மூடப்பட்டது, வழமைக்குத் திரும்ப நத்தார் நெருங்கிவிட்டது, ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் படுத்தார்கள். ஓடுபாதையை வழித்துவிட்டாலும், நிறுத்தி வைத்திருந்த விமானங்களைச் சுற்றிக் கிடந்த பனியை அள்ளி முடிக்க முடியவில்லை என்பதுதான் அங்கே சிக்கல். அதே அளவு பனி ஒஸ்லோவிலோ ஹெல்சிங்கியிலோ விழுந்திருந்தால் செய்தியாகவே வந்திராது. அதனால் கனடாக்காரரும் நோர்வேக்காரரும் வருகிறார்கள் என்றால் எனக்குப் பெரிய யோசனை இல்லை, லண்டன், பாரிஸ் ஆட்கள் டிசம்பர் நடுவில் வருகிறார்கள் என்றால்தான் ஒரு நாள் கூடப் போடச் சொல்வேன். ஸ்னோவே காணாத டுபாய், அபுதாபி வழியாக வந்தாலும் மார்கழி, தையில் விடியற்காலை மூடுபனி அங்கே உண்டு, அதையும் மறந்துவிடாதீர்கள்.

சின்ன விமான நிலையத்தின் கணக்கு வேறு

நோர்வேயின் வடகோடியில் பின்மார்க் என்று ஒரு பகுதி. அங்குள்ள மீன் தொழிற்சாலைகளில் எண்பதுகளிலிருந்தே நம்மவர்கள் வேலை செய்திருக்கிறார்கள், என் மச்சான் ஒருவரும் அப்படிப் போய் அங்கே சில காலம் இருந்தவர். பேர்லெவோக், மேஹாம்ன், வார்டோ என்று கடலோரத்துச் சிற்றூர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விமான நிலையம், ஓடுபாதை ஒரு கிலோமீற்றரோ அதற்கும் குறைவோ. வந்து போவது சுழல்விசிறி வைத்த சிறிய டாஷ் 8 விமானங்கள். ஸ்னோ வழிக்கிறவரும், விமானம் இறங்கும்போது தீயணைப்பு வண்டியில் தயாராக இருக்கிறவரும் அனேகமாக ஒரே ஆட்கள்தான், பெரிய இடம் மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் தனிப் படை கிடையாது. அப்படி இருந்தும் பனியை வழித்து விடுகிறார்கள். அங்கே அதிகம் விமானத்தை நிறுத்துவது காற்று. குறுக்குக் காற்று அடித்தால் எந்தக் கலப்பையாலும் ஒன்றும் செய்ய முடியாது, விமானம் வந்து ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அந்த ஊர்க்காரர்களின் வழக்கம் ஒன்றை மச்சான் அடிக்கடி சொல்வார். ட்ரொம்சோவில் ஆஸ்பத்திரி அலுவல் என்றாலும் ஒஸ்லோவில் விசா அலுவல் என்றாலும் மாரியில் யாரும் அன்றைக்கே போய் இறங்குகிற மாதிரி ரிக்கெற் போட மாட்டார்களாம், முதல் நாளே போய்விடுவார்களாம். விமானம் நின்றால் திட்டுவதும் இல்லையாம். பலாலிக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பலாலியில் ஸ்னோ எங்கே என்று கேட்பீர்கள். விமானத்தின் ரயருக்கு அது தெரியாது. 2021 நவம்பரிலிருந்து உலகம் முழுவதும் ஓடுபாதையின் நிலையை ஒரே அளவுகோலில் அறிவிக்கிறார்கள்: காய்ந்த ஓடுபாதைக்கு 6, ஈரமென்றால் 5, இப்படி இறங்கிக்கொண்டு போய் ஈரமான ஐஸுக்கு 0. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாக எண் கொடுக்க வேண்டும். இதில் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தேங்கிய மழைத் தண்ணீருக்கும், அதே ஆழத்தில் கிடக்கும் உருகிய சேற்றுப் பனிக்கும் ஒரே எண்தான், 2. கார்த்திகையில் ஒரு பாட்டம் அடித்து ஊற்றினால், ரயரைப் பொறுத்தவரை பலாலியும் பியர்சனும் ஒன்று. வித்தியாசம், தேங்கிய தண்ணீரை வழிக்க ஆளும் தேவையில்லை வண்டியும் தேவையில்லை, மழை விட்டால் வடிந்துவிடும், விடும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற விமானத்தில் எரிபொருள் அவ்வளவு நேரம் இருக்க வேண்டுமே.

அதோடு பார்வைத் தூரம். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இவ்வளவு உயரம் வரைதான் கண்ணுக்கு ஓடுபாதை தெரியாமல் இறங்கலாம் என்று ஓர் எல்லை உண்டு, அந்த உயரத்துக்கு வந்தும் தெரியவில்லை என்றால் விமானி கட்டாயம் மேலெழும்ப வேண்டும். ஒருதரம், இரண்டுதரம் முயன்றுவிட்டுத் திரும்புவார். கீழே நின்று பார்க்கிற எங்களுக்கு "சத்தம் கேட்டுது, இறங்கேல்லை" என்று ஆத்திரம் வரும். அந்த முடிவு சரியான முடிவு.

பலாலி மெலிவது எதனால்

பலாலி இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படை போட்ட தளம். யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி திறந்தார்கள், சில மாதத்தில் கோவிட் வந்து எல்லாம் நின்றது, 2022 டிசம்பர் 12ஆம் திகதி அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் திரும்பத் தொடங்கியது. 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி இன்டிகோவும் சென்னையிலிருந்து வர ஆரம்பித்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும். வருவது எல்லாம் ஏ.ரி.ஆர் 72, எழுபது எண்பது பேர் ஏறுகிற விமானம்.

சென்னையிலிருந்து டுபாய்க்கு ஒரு விமானம் நின்றால் அன்றைக்கே இன்னும் பல இருக்கும். பலாலிக்கு ஒன்று நின்றால் அடுத்தது பெரும்பாலும் நாளைக்கு. சரி, நாளைக்கு என்றால் நாளைக்குப் போகலாம் என்று நினைப்பீர்கள், நாளைய விமானத்தில் ஏற்கெனவே ஆட்கள் ரிக்கெற் போட்டிருப்பார்கள், மார்கழி விடுமுறையில் வெறும் ஆசனம் பத்து இருந்தாலே பெரிய விஷயம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு நின்றவர்கள் அறுபது பேர். பத்துப் பேர் போக மிச்சம் ஐம்பது பேர் நாளன்றைக்கு. குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகை விட்ட கதைதான், மழை விட்டால் மட்டும் போதாது, படகில் இடமும் இருக்க வேண்டும்.

இன்னொன்று, இரண்டு முனையும் ஒரே வானிலையில் அகப்படுவது. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் கட்டுவதும் அந்தக் காலத்தில்தான். அப்படிக் கட்டுகிறது அடிக்கடி எங்கள் கரையை உரசிக்கொண்டு தமிழ்நாட்டுக் கரைக்குப் போகும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் கிழக்குக் கரையை வெள்ளக்காடாக்கிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது, நவம்பர் 30ஆம் திகதி சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். 2023 டிசம்பர் 4ஆம் திகதி மிக்ஜாம் புயலுக்கும் மூடினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஓடுபாதையே தண்ணீருக்குள் இருந்து நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் எங்களுக்கு என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை, அதுவும் இலங்கையை உலுப்பிவிட்டு வடக்கே தமிழ்நாட்டுக் கரைப் பக்கம்தான் போனது. ஆகவே பலாலியில் வெயில் எறிக்கிறது, ஏன் விமானம் வரவில்லை என்று கேட்காதீர்கள், சென்னையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

தை பிறந்துவிட்டால் மழை குறையும், ஆனால் சென்னைக்குப் போகி இருக்கிறது. பொங்கலுக்கு முதல் நாள் விடியப் பழையதுகளைப் போட்டு எரிப்பார்கள், அந்தப் புகையும் மார்கழி மூடுபனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாது. 2018 போகியன்று அங்கே ஏராளமான விமானங்கள் தாமதமாகின, திருப்பியும் விடப்பட்டன. பொங்கலுக்கு வருகிறவர்கள் போகியன்று காலை சென்னையில் மாறுகிற மாதிரி ரிக்கெற் போடாமல் இருப்பது நல்லது.

ஏ.ரி.ஆர் விமானம் பலாலியில் நிற்கும்போது இறக்கையின் முன்விளிம்பைக் கவனித்துப் பாருங்கள், நீளத்துக்குக் கறுப்பு ரப்பர் ஒட்டியிருக்கும். மேலே போகையில் அதில் ஐஸ் கட்டினால் காற்றை ஊதி ரப்பரைப் புடைக்கச் செய்து ஐஸை உடைத்து விழுத்துவார்கள். ஸ்னோவே விழாத ஊருக்கு இது எதற்கென்றால், இங்கேயும் ஐந்து கிலோமீற்றர் உயரத்துக்குமேல் முகிலுக்குள் உறைகுளிர்தான். ஜெட் விமானம் மாதிரி மேகத்துக்கு மேலே ஏறி ஒதுங்கிப் போகிற வசதியும் இதற்குக் குறைவு, மாரியில் குலுக்கல் கொஞ்சம் இருக்கும், பயந்த ஆட்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

ரிக்கெற் போடுகிற முறை

வரும்போது இடைவெளியை நீண்ட பயணத்துக்குப் பின்னால் வையுங்கள், திரும்பும்போது குட்டிப் பயணத்துக்குப் பின்னால் வையுங்கள். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக வரும்.

வரும் பயணம்: ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சென்னைக்கு வரும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியோ விடியற்காலையிலோ இறங்கும், பலாலி விமானம் பகலில். பார்த்தால் ஏழெட்டு மணித்தியாலம் இருக்கிறது, போதும்தானே என்று தோன்றும். கோடையில் சரி. ஸ்னோ காலத்தில் ஏறி மழைக் காலத்தில் இறங்குகிறவர்களுக்கு அது போதாது, ரொறன்ரோவில் நான்கு மணித்தியாலத் தாமதம், அதனால் இடையில் டுபாயிலோ ஃபிராங்ஃபர்ட்டிலோ மாறுகிற விமானத்தைத் தவறவிட்டு அடுத்ததில் ஏற்றப்பட்டால் அந்த ஏழெட்டு மணித்தியாலம் கரைந்துவிடும். சென்னையில் ஓர் இரவு தங்குகிற மாதிரிப் போட்டு, அடுத்த நாள் விமானத்தில் வரச் சொல்லுங்கள். தி.நகரில் கூறைச்சேலை எடுக்க வேண்டிய ஆட்களுக்கு இது எப்படியும் வேண்டிய நாள்தான்.

திரும்பும் பயணம் இன்னும் முக்கியம், ஏனென்றால் விலை கூடிய ரிக்கெற் அப்போது பின்னால் வருகிறது. சென்னையிலிருந்து பெரிய விமானம் சனிக்கிழமை இரவு என்றால், பலாலியிலிருந்து சனிக்கிழமை பகல் கிளம்பலாம் என்று யாரும் ஆசை காட்டினால் கேட்காதீர்கள். வியாழக்கிழமை போடுங்கள். வியாழன் நின்றால் வெள்ளி இருக்கிறது, வெள்ளியும் நின்றால் வெள்ளி பின்னேரமே வீதியால் கட்டுநாயக்காவுக்கு இறங்கி அங்கிருந்து சென்னைக்குப் பறக்கலாம். கலியாண வீட்டில் நாலாம் சடங்கும் முடியட்டும் என்று இழுத்து இழுத்துக் கடைசி நாளில் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

இயலுமென்றால் முழுப் பயணத்தையும் ஒரே பதிவில் போடப் பாருங்கள், ஒரு துண்டு தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமானக் கம்பனியின் பொறுப்பாகிவிடும். ஆனால் பலாலித் துண்டு பெரும்பாலும் தனி ரிக்கெற்றாகத்தான் அமையும். தனி ரிக்கெற் என்றால், ரொறன்ரோ விமானம் பிந்தியதால் பலாலி விமானத்தைத் தவறவிட்டீர்கள் என்பதற்குப் பலாலிக் கம்பனி பொறுப்பில்லை, உங்களை வராத ஆளாகப் பதிந்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் பலாலி ரிக்கெற்றை மலிவாகத் தேடாமல் திகதி மாற்றக்கூடியதாக எடுக்கச் சொல்கிறேன், வித்தியாசம் பெரிதாக இராது. ஏஜென்சியில் போடுகிறீர்கள் என்றால் பயணிக்கிறவரின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் பதியச் சொல்லுங்கள், ஏஜென்சி தன்னுடைய இலக்கத்தைப் போட்டுவிட்டால் ரத்துச் செய்தி அங்கேதான் போகும், ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே பார்க்க ஆள் இராது. ஒரு முறை எங்கள் வீட்டு ஆட்களுக்கு அப்படித்தான் நடந்தது.

இந்திய விசா இல்லாமல் வெளிக்கிட வேண்டாம்

"சென்னையில் மாறுவது மட்டும்தானே, வெளியே போகப்போவதில்லை, விசா எதற்கு?" என்பார்கள். தனி ரிக்கெற் என்றால் பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதற்குக் குடிவரவைத் தாண்ட வேண்டும், விசா கட்டாயம். ஒரே ரிக்கெற் என்றாலும் எடுத்து வைக்கச் சொல்வேன், ஏனென்றால் பலாலி விமானம் நின்றுவிட்டால் விசா இல்லாத ஆள் ஹோட்டலுக்குப் போக முடியாது, உள்ளேயே கதிரையில் இருக்க வேண்டியதுதான். வயதுபோன அம்மா அப்பாவோடு வருகிறவர்கள் இதை யோசியுங்கள். போகும்போதும் வரும்போதும் சென்னை என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழையக்கூடிய விசாவாக இருக்க வேண்டும். இணையத்திலேயே எடுக்கலாம், கடைசிக் கிழமைக்கு விடாதீர்கள்.

பெட்டி

ரொறன்ரோவிலிருந்து 23 கிலோப் பெட்டி இரண்டு தருவார்கள், எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வருவார்கள். ஏ.ரி.ஆர் சின்ன விமானம், அனுமதி அதைவிடக் குறைவு, கூடுதல் கிலோவுக்குக் காசு. ஓடுபாதை ஈரமென்றால் கிளம்பும் எடையைக் குறைக்க வேண்டி வரலாம், அப்போது பெட்டிகள் சில அடுத்த விமானத்துக்கு விடப்படும். தாலிக்கொடி, கூறை, மருந்து, பத்திரங்கள், ஒரு மாற்றுடுப்பு, இவ்வளவும் கையோடு இருக்க வேண்டும். கைப் பெட்டியும் சின்னதாக இருக்கட்டும், மேலே வைக்கிற தட்டு பெரிய விமானத்தினது மாதிரி இல்லை. அப்புறம் ஒரு சின்ன விஷயம்: ஏ.ரி.ஆரில் ஆட்கள் ஏறி இறங்குகிற கதவு பின்பக்கத்தில் இருக்கிறது, பின் வரிசையில் ஆசனம் எடுத்தவர்கள் முதலில் இறங்கிக் குடிவரவு வரிசையில் முன்னுக்கு நிற்கலாம். மழைக்குள் வெளியில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் குடை கைக்கெட்டும் இடத்தில்.

மூன்று நாளுக்கு முன்னிருந்து

பெரிய ஸ்னோ புயலும் சரி, வங்காள விரிகுடாத் தாழமுக்கமும் சரி, இரண்டு மூன்று நாளுக்கு முன்னே தெரிந்துவிடும். அங்கே புயல் எச்சரிக்கை வந்தவுடன் விமானக் கம்பனிகள் பல, குறித்த நாட்களில் பறக்கிறவர்கள் கட்டணம் இல்லாமல் திகதி மாற்றலாம் என்று அறிவிக்கும். அறிவித்த அன்றைக்கே மாற்றுங்கள். ஒரு நாள் முன்னுக்கு இழுத்துப் போகிறவர் தப்புவார், "பாப்பம், குறையும்" என்று இருக்கிறவர் புயலன்று எல்லோரோடும் வரிசையில் நிற்பார். இங்கே எங்கள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையோடு சென்னை வானிலை மையத்தின் அறிக்கையையும் பாருங்கள், முகநூலில் சுற்றுகிற சிவப்புப் படங்களை நம்பி ரிக்கெற்றை ரத்துச் செய்ய வேண்டாம். நீங்களாக முந்தி ரத்துச் செய்தால் காசு குறைத்துத்தான் தருவார்கள், கம்பனி ரத்துச் செய்தால் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாது.

அன்றைய நாளில், விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற பிளைட்ராடாரில் உங்கள் விமானத்தைத் தேடுவதைவிட, அந்த விமானம் இதற்கு முன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரே ஏ.ரி.ஆர் காலையிலிருந்து பல ஊருக்கு ஓடும், காலையில் ஓர் இடத்தில் பிந்தியது பலாலிக்கு வரும்போது கூடியிருக்கும். பணியாளர்களுக்கும் இத்தனை மணித்தியாலம்தான் வேலை என்று எல்லை உண்டு, அது முடிந்தால் வானம் வெளித்தாலும் விமானம் நிற்கும். நேரம் பார்க்கையில், சென்னைக்கும் எங்களுக்கும் ஒரே மணி, ரொறன்ரோ மாரியில் பத்தரை மணித்தியாலம் பின்னால்: அங்கே இரவு 9 மணி என்றால் இங்கே அடுத்த நாள் காலை 7.30. திகதி குழம்பி ஒரு நாள் முந்திப் பலாலிக்கு வாகனம் பிடித்துப் போன ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

நின்றுவிட்டால்

முதல் வேலை, சென்னையில் நிற்கிறவர் வரிசையில் நிற்கட்டும், அதே நேரம் நீங்கள் இங்கிருந்து கம்பனியின் செயலியிலோ தொலைபேசியிலோ அடுத்த ஆசனத்தைத் தேடுங்கள். பலாலி இல்லையென்றால் திருச்சி வழி இருக்கிறதா என்று கேளுங்கள், சென்னையிலிருந்து திருச்சிக்கு வீதியால் ஐந்தாறு மணித்தியாலத்தில் போகலாம். அதுவும் இல்லையென்றால் கொழும்பு: சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நாளுக்குப் பல விமானங்கள் இருக்கின்றன. நாளைக்கு ஆசனம் உறுதி என்றால் காத்திருங்கள், நாளன்றைக்கு என்றால் கொழும்பால் வாருங்கள். என்னுடைய எல்லை அது.

கப்பலை நம்ப வேண்டாம். நாகபட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே மாரிக்கு நின்றது, விமானத்தை நிறுத்துகிற அதே கடல்தான் கப்பலையும் நிறுத்தும். வீதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டித்வாவின்போது கலா ஓயாவில் பஸ் வெள்ளத்துக்குள் அகப்பட்டதை எல்லோரும் பார்த்தோம், ரயில் பாதைகளும் பல இடத்தில் அடித்துக்கொண்டு போனது. புயல் நாளில் இரவில் சாரதியை வெளிக்கிடுத்தாதீர்கள், நீர்கொழும்பில் ஓர் அறை எடுத்துப் படுத்துவிட்டு விடிய வெளிக்கிடச் சொல்லுங்கள்.

உரிமைகளைப் பொறுத்தவரை, வானிலையால் நின்றால் நட்டஈடு எங்கேயும் எதிர்பார்க்க வேண்டாம். ஐரோப்பாவிலிருந்தோ பிரித்தானியாவிலிருந்தோ கிளம்பும் விமானம் என்றால், காரணம் ஸ்னோவாக இருந்தாலும் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டியது கம்பனி, கேட்டு வாங்குங்கள். கனடாவில் வானிலைக்குத் தங்குமிடம் தர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் 48 மணித்தியாலத்துக்குள் வேறு ஆசனம் தர முடியாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்கலாம். பயணக் காப்புறுதி எடுப்பதென்றால் ரிக்கெற் போட்ட அன்றைக்கே எடுங்கள், புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குச் செல்லாது. தாமதத்துக்கான கடிதத்தைக் கம்பனிக் கருமபீடத்திலேயே வாங்கி வைக்க வேண்டும், பிறகு கேட்டு வாங்குவது பெரும்பாடு.

வாகனம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு சொல். சாரதியோடு முதலே பேசிக்கொள்ளுங்கள்: விமானம் சென்னையில் கிளம்பிய பிறகுதான் வீட்டிலிருந்து வெளிக்கிடுவது, விமானம் ரத்தானால் பாதிக் காசு, வந்து இறங்காமல் திரும்பிப் போனால் முழுக் காசு. சென்னையில் கிளம்பினால் பலாலிக்கு வர ஒன்றேகால் மணித்தியாலம், இறங்கிக் குடிவரவு, சுங்கம் முடிய இன்னும் கொஞ்சம், யாழ்ப்பாண நகரத்திலிருந்து பலாலி பதினாறு பதினேழு கிலோமீற்றர். விமானம் எழும்பிவிட்டது என்று பார்த்த பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டாலும் நேரத்துக்குப் போய் நிற்கலாம்.